முன்ஷொக் சீலோடு மல்லுக்கட்டும் கைகளுக்கு
மானிப்பாய்க் கராஜ்களில் தொழில் பழகுவோருக்கு ஒரு திறந்த மடல்



மானிப்பாய்ச் சந்தியிலிருந்து சண்டிலிப்பாய்ப் பக்கம் திரும்பினாலும் சுதுமலைப் பக்கம் திரும்பினாலும், ஆனைக்கோட்டையைத் தாண்டி நகருக்குப் போனாலும், தகரம் வேய்ந்த ஒரு கராஜாவது கண்ணில் படும். வாசலில் ரயர் தொங்கும். உள்ளே உங்களில் யாரோ ஒருவர் குந்தியிருந்து வேலை பார்ப்பார். அங்கே அடிக்கடி கேட்கிற முறைப்பாடு ஒன்று உண்டு: "தம்பி, முன்னுக்கு ஒயில் வடியுது, ஒருக்காப் பாருங்கோ."

பார்க்கிறீர்கள். குரோம் பைப்பில் எண்ணெய் வளையம் கட்டியிருக்கிறது, அதில் செம்மண் புழுதி ஒட்டியிருக்கிறது. சீல் போய்விட்டது. புதுச் சீல் பெரிய விலை இல்லை. ஆனால் பழைய சீலைக் கழற்றுகிற அந்த அரை மணித்தியாலத்தில், பெரிய ஸ்குறூ டிறைவரும் சுத்தியலுமாக, அலுமினியக் கீழ்க்குழாயின் வாய் பிளக்கிறது; அல்லது உட்சுவரில் நீளக் கீறல் விழுகிறது. அதற்குப் பிறகு எத்தனை புதுச் சீல் போட்டாலும் அந்தக் கீறல் வழியே எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். இம்மடல் அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றியது.

ஒரு கீழ்க்குழாய்க்காக இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில், 2022இல் ரூபா சரிந்தது. டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. உதிரிப்பாகம் எல்லாவற்றுக்கும் அந்த அடி விழுந்தது. அதே ஆண்டில் கியூஆர் அட்டைக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று மோட்டார் சைக்கிள்கள் வரிசையில் நின்றன. புது வண்டி வாங்க வழியில்லாமல், கையில் இருந்ததைப் பேணி ஓடிய ஐந்து ஆண்டுகள் அவை. இருபது, முப்பது வயதான வண்டிகள் இன்றும் ஓடுவது அந்தப் பேணலால்தான். அவற்றில் ஒன்றின் கீழ்க்குழாய் உடைந்தால், சோடி தேடிக் கழிவு வாகனக் கடைகள் எல்லாம் ஏறி இறங்க வேண்டும். கிடைத்தாலும் அது இன்னொருவர் அடித்துக் கழற்றியதாக இருக்கும்.

பேணி ஓடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்கலமும் தடைப்பட்ட பொருள்தான். அப்போது சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக் கீழே இறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துவிடும். அதைச் சமாளித்துச் சின்ன ஹொண்டா மோட்டார் சைக்கிள்களை ஓட வைத்தவர்கள் உங்கள் முதலாளிமாரும் அவர்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர்களும்.

ஆனால் அந்தக் காலத்து சி50, சி70, சி90 வண்டிகளில் உங்கள் இன்றைய தலையிடி இல்லை. ஹொண்டா 1958இல் கொண்டுவந்த சுப்பர் கப் வகையில் முன்சில்லைத் தாங்குவது அச்சில் அசையும் சிறு கைகள். குழாய்க்குள் குழாய் வழுக்கும் டெலஸ்கோப்பிக் ஷொக் அதில் கிடையாது. ஆகவே அந்த வகைச் சீலும் கிடையாது. சிடி125, ஜப்பான் தபால்காரருக்கென்று செய்த சிவப்பு எம்டி90, பிறகு வந்த இந்திய வண்டிகள் என்று பார்த்தால் நிலைமை வேறு. எண்ணெயால் அதிர்வு தணிக்கும் டெலஸ்கோப்பிக் முன்ஷொக்கை 1935இல் பி.எம்.டபிள்யூ தன் ஆர்12, ஆர்17 வண்டிகளில் பொருத்தி விற்றது. அன்று தொடங்கிய ஏற்பாடு இன்றும் அடிப்படையில் அதேதான்: மேலே குரோம் பூசிய உருக்குக் குழாய், கீழே அலுமினியக் குழாய், இரண்டுக்கும் நடுவே எண்ணெய், எண்ணெய்க்கு மேலே காவலாக ஒரு றப்பர்ச் சீல்.

அந்தச் சீலைக் கையில் எடுத்து ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெளியே உருக்கு வளையம். சிலதில் அதன்மேல் றப்பர் பூச்சு இருக்கும். பழைய வகைகளில் உருக்கு வெறுமையாகவே இருக்கும். உள்ளே மெல்லிய உதடு. உதட்டை இறுக்கிப் பிடிக்க, முதுகுப் புறத்தில் தலைமயிரைவிடச் சற்றுத் தடித்த கம்பியால் சுற்றிய சிறு ஸ்பிறிங். முகத்தில் 31-43-10.3 என்பதுபோல எண்கள். முதலாவது உள்விட்டம், இரண்டாவது வெளிவிட்டம், மூன்றாவது தடிப்பு, எல்லாம் மில்லிமீற்றரில். வண்டியின் பெயரைச் சொல்லிச் சீல் கேட்பதைவிட இந்த எண்களைச் சொல்லிக் கேட்பது நம்பகமானது. ஒரே வண்டிக்கு ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறியிருக்கலாம். முன்னொருவர் வேறு வண்டியின் ஷொக்கையே மாட்டியிருக்கவும் கூடும்.

கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: உண்மையில் சீல் கிழிந்ததா? பல வண்டிகளில் உதட்டுக்கும் குழாய்க்கும் இடையே ஒரு மணல்துகள் சிக்கியிருக்கும், அவ்வளவுதான். வீட்டில் தேவையில்லாமல் கிடக்கும் பழைய எக்ஸ்ரே படத்திலிருந்து விரலகலத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். நுனியில் சிறு கொக்கி போல வளைவு இருக்கட்டும். ஓரத்தில் பிசிறு இருக்கக்கூடாது. தூசி மூடியை மேலே தள்ளிவிட்டு, குழாயைத் துடைத்து, படத்துண்டைச் சீல் உதட்டுக்குள் மெல்ல நுழைத்து ஒரு முழுச் சுற்று இழுத்து வாருங்கள். கறுப்பாக அழுக்கு வரும். துடையுங்கள், இன்னொரு சுற்று. பிறகு முன்பிறேக்கைப் பிடித்து வண்டியைப் பத்துத் தரம் அமத்துங்கள். எண்ணெய் நின்றுவிட்டால் வாடிக்கையாளருக்கு ஒரு சீல் மிச்சம். இப்படிச் செய்து அனுப்புகிற கராஜை ஊர் மறக்காது.

நிற்கவில்லையா, கழற்றத்தான் வேண்டும். வண்டியை மேலே தூக்கி நிறுத்துங்கள். மேல் மூடியைத் தளர்த்துவது, ஷொக் வண்டியில் இருக்கும்போதே நடக்கட்டும். மேல் கிளாம்பின் போல்ற்றை இளக்கினால் மூடி இலகுவாகத் திரும்பும். மூடிக்குக் கீழே ஸ்பிறிங் அமுங்கி நிற்கிறது. கடைசிப் புரியில் முகத்தை விலக்கி, உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள்.

அடியில் இருக்கும் அலன் போல்ற்தான் அடுத்த வில்லங்கம். முதலில் அதன் குழியில் காய்ந்த சேற்றை ஆணியால் சுரண்டி எடுங்கள். அரைகுறையாக நுழைந்த அலன் கீ குழியை உருட்டிவிடும். போல்ற் சுற்றுகிறது, ஆனால் கழன்று வரவில்லை என்றால், உள்ளே டாம்பர் றொட்டும் கூடவே சுற்றுகிறது என்று பொருள். ஸ்பிறிங்கை எடுப்பதற்கு முன்பே, ஷொக்கை அமத்திப் பிடித்தபடி இந்தப் போல்ற்றை இளக்கியிருந்தால் ஸ்பிறிங் அழுத்தமே றொட்டைப் பிடித்திருக்கும். அந்தச் சந்தர்ப்பம் போய்விட்டதென்றால் தும்புத்தடிக் காம்பு கைகொடுக்கும். ஒரு நுனியைக் கூம்பாகச் சீவி, குழாய்க்குள் இறக்கி, றொட்டின் தலையில் இறுக்கி அமத்தி ஒருவர் பிடிக்க மற்றவர் போல்ற்றைக் கழற்றலாம். விலை கூடிய ஆயுதம் தேவையில்லை. போல்ற்றோடு வரும் செப்பு வொஷரைத் தொலைக்காதீர்கள்; புதிது கிடைத்தால் புதிதே போடுங்கள்.

இனிச் சீல். கழற்ற முடியாத சீல் என்று சொல்லப்படுகிறவற்றில் பல, லொக் கம்பி இன்னும் உள்ளேயே இருக்கும் சீல்கள். தூசி மூடிக்குக் கீழே, சீலுக்கு மேலே, சுவரில் வெட்டிய சிறு தவாளிப்பில் ஒரு கம்பி வளையம் அமர்ந்திருக்கும். பல ஆண்டு மழைநீர் அங்கே தேங்கி, கம்பியும் அழுக்கும் ஒரே துரு நிறமாகி, இருப்பதே தெரியாது. துருவிளக்கி எண்ணெய் விட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் பொறுத்து, சின்னத் தூரிகையால் சுற்றிவரத் தேய்த்தால் நுனி தெரியும். சுவரில் அந்தத் தவாளிப்பு முழுச் சுற்றும் வெறுமையாக இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகே சீலில் கை வையுங்கள்.

இங்கே ஷொக் இரண்டு சாதி என்பதை மறக்கக்கூடாது. பெரிய வண்டிகளிலும் பிந்திய காலத்து வண்டிகள் சிலவற்றிலும் கீழ்க்குழாய்க்குள் தனியாகப் புஷ் உண்டு. அவற்றில் குரோம் குழாயைப் பிடித்து வெடுக்கு வெடுக்கென்று சில தரம் இழுத்தால், கீழ்ப் புஷ் மேல் புஷ்ஷை இடித்து, வொஷரையும் சீலையும் ஒன்றாக வெளியே தள்ளிவிடும். பழைய சின்ன வண்டிகளில் பலவற்றில் மேல் புஷ்ஷே இல்லை. குரோம் குழாய் தன்பாட்டில் வெளியே வந்துவிடும். சீல் கீழ்க்குழாயின் வாய்க்குள் அப்படியே இருக்கும். நம் கைக்கு அதிகம் வருவது இந்த இரண்டாவது சாதி. வெளிநாட்டுப் பையன் ஒருவன் இழுத்து இழுத்துச் சீல் கழற்றும் காணொளியைப் பார்த்துவிட்டு இதிலும் இழுத்துக்கொண்டிருப்பதில் பலன் இல்லை.

இந்தச் சீல் ஏன் இவ்வளவு இறுகுகிறது? வெறும் உருக்கு வளையம், அலுமினியச் சுவர், நடுவே உப்பு ஈரம். இரு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளை மாவாக அரிபடும், உருக்குத் துருவேறும். இரண்டும் பருத்து, இருந்த சிறு இடைவெளியையும் அடைத்துவிடும். மானிப்பாய்க்குக் கடல் தூரமில்லை. நவாலியையும் அராலியையும் தொட்டுக்கொண்டு கடல்நீரேரி கிடக்கிறது. அராலிப் பாலத்தாலும் காரைநகர்த் தாம்போதியாலும் நாளாந்தம் போய்வரும் வண்டிகளின் சீல் மற்றவற்றைவிடப் பிடிவாதமாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பிடிவாதத்துக்கு மருந்து பலமல்ல, சூடு. அலுமினியம் சூட்டில் உருக்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 43 மில்லிமீற்றர் வாய். நம் பகல் வெப்பம் 30 பாகை, கொதிநீர் 100 பாகை. அந்த 70 பாகை ஏற்றத்தில் அலுமினிய வாய் ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர் விரியும். உருக்கு வளையம் அதில் பாதி. மிச்சம் 0.03 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. ஒரு தாளின் தடிப்பில் பாதிகூட இல்லை. ஆனால் இறுக்கிப் பொருத்திய வளையத்துக்கு அந்த இடைவெளி பெரிய விடுதலை. கீழ்க்குழாயின் கழுத்தில் தடித்த துணியைச் சுற்றி, கேத்தில் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கத் துணியில் ஊற்றுங்கள். உருக்குச் சூடேறுமுன் அலுமினியம் முந்திச் சூடேறும். அந்த முதல் ஒரு நிமிடந்தான் உங்கள் நேரம். சூட்டுக்காற்றுத் துவக்கு இருந்தால் இன்னும் நல்லது, ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும்.

வெல்டிங் சுவாலையைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய் ஆவியாகித் தீப்பிடிக்கும். மூடியும் போல்ற்றும் கழற்றாத ஷொக்கென்றால் அது வெடிக்கவும் கூடும். கண் போனால் எந்தத் தொழிலும் இல்லை. அமுக்கக் காற்றை உள்ளே விட்டுச் சீலைப் பறக்க வைக்கிற வித்தைக்கும் இதே தடைதான்.

சூடாக்கியதும் நெம்ப வேண்டும். தட்டையான, நுனி மழுங்கிய ரயர் லீவர் போதும். கூரான ஸ்குறூ டிறைவர் வேண்டாம், அதுதான் சுவரைக் கீறுகிறது. லீவரின் முழங்கை அலுமினிய விளிம்பில் நேரே படக்கூடாது. நடுவே ஒரு மரத்துண்டு வையுங்கள், பூவரசோ வேம்போ எதுவானாலும் சரி. அந்த விளிம்பு சில மில்லிமீற்றர் வார்ப்பு அலுமினியம். வளையாது, பொட்டென்று உடையும். நுங்கு தோண்டுவதைப்போல ஓரிடத்தில் விரலை விட்டு மொத்தமாகக் கிளப்ப நினைத்தால் சீல் சாய்ந்து முன்னிலும் மோசமாக இறுகும். இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம், பக்கவாட்டில் கொஞ்சம். அசையவில்லையா, மறுபடி சூடு.

அதற்கும் அசையாதவை உண்டு. நெம்ப நெம்ப றப்பர் மட்டும் பிய்ந்து வந்து உருக்கு வளையம் தனியே உள்ளே நிற்கும். அப்போது சீலின் முகத்தில் எதிரெதிராக இரண்டு சிறு துளைகள் இடுங்கள். ட்றில் பிட்டின் முனையில் இரண்டு மில்லிமீற்றர் விட்டு மீதியில் நாடா சுற்றிவிட்டால் ஆழம் மிஞ்சாது. துளைகளில் தானே புரிவெட்டும் திருகாணிகளை இறக்கி, குறட்டால் மாறி மாறி இழுங்கள். துளையிட்ட தூள் ஒன்றும் உள்ளே தங்காமல் பிறகு மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். லேத் பட்டறை கிட்ட இருக்கிற கராஜ்காரருக்கு இன்னொரு வழி: சீல் உதடு கிழியாமல் இருந்தால், லொக் கம்பியை மட்டும் எடுத்துவிட்டு, ஸ்பிறிங் இல்லாமல், பழைய எண்ணெயை விளிம்புவரை நிரப்பி, மூடியையும் அடிப் போல்ற்றையும் இறுக்கி, ஹைட்ரோலிக் பிறெஸ்ஸில் ஷொக்கை மெல்ல அமத்துவது. எண்ணெய் சுருங்காது, போக இடம் தேடிச் சீலையே மேலே தள்ளும். துணியால் சுற்றி, கண்ணாடி அணிந்து, அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் செய்ய வேண்டிய வேலை இது.

சீல் வெளியே வந்ததும் புதியதை எடுக்க அவசரப்படாதீர்கள். வாய்க்குள் இருக்கும் வெள்ளை அரிப்பை மெல்லிய அரத்தாளால் தேய்த்து எடுங்கள். பிறகு குரோம் குழாயைத் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். நகம் தடக்கும் இடத்தில் துருப்பள்ளம் இருக்கிறது. பள்ளத்தின் மேடான விளிம்பு புதுச் சீலின் உதட்டை ஒவ்வொரு குழியிலும் ஒருமுறை அறுக்கும். நம் ஒழுங்கைகளில் குழிக்குப் பஞ்சமில்லை. சிறு மேடென்றால் 1200இல் தொடங்கி 2000ஆம் இலக்கத் தாள்வரை எண்ணெய் விட்டுத் தேய்க்கலாம். ஆழமான பள்ளத்தை எபொக்சி இட்டு நிரப்பிச் சமப்படுத்தலாம். அதுவும் சரிவராத குழாய்க்குச் சீல் மட்டும் மாற்றிக் காசு வாங்குவது சரியில்லை. வாடிக்கையாளரிடம் குழாயைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

புதுச் சீலை ஏற்றும்போது குழாயின் மேல்விளிம்பில் ஒரு சொப்பிங் பையை எண்ணெய் தடவி மூடுங்கள், உதடு கிழியாது. ஸ்பிறிங் தெரியும் முகம் கீழே, எண்ணெய்ப் பக்கம். வெளிவிட்டத்துக்கு அளவான எஸ்லோன் பைப் துண்டால் நேராகத் தட்டி இறக்குங்கள். லொக் கம்பியின் தவாளிப்பு முழுதாகத் தெரிந்தால் சீல் இடத்துக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் போனால் இரு பக்கமும் மாற்றுவது முறை. எண்ணெய் இரு காலுக்கும் ஒரே அளவு, கைநூல் சொல்லும் அளவு. கொஞ்சம் கூட இருக்கட்டுமே என்று ஊற்றுவது தவறு. எண்ணெய் கூடினால் மேலே காற்றுக்கு இடம் குறைந்து, பெரிய குழியில் அழுத்தம் எகிறி, நீங்கள் போட்ட சீலையே அது தள்ளிவிடும்.

கைநூல் எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? பல வண்டிகளுக்குத் தமிழில் இல்லை. ஆங்கிலத்திலும் கைக்கு எட்டுவதில்லை. ஆனால் மானிப்பாயில் இருந்துகொண்டு அதற்காக மலைக்கத் தேவையில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டு இதே மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் படித்து மருத்துவர் ஆனார்கள். 1860களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். உடற்கூற்றியல், சத்திர சிகிச்சை, மகப்பேறு என்று நூல்களைத் தமிழில் ஆக்கி அச்சிட்டார். அவர் பெயரைத் தாங்கிய கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் நம் ஊரில் இருக்கிறது. மனித உடலைத் தமிழில் எழுதிப் படித்த ஊரில் ஒரு முன்ஷொக்கை எழுதிவைக்க முடியாதா? ஒவ்வொரு கராஜிலும் ஒரு 80 பக்கக் கொப்பி இருக்கட்டும். வண்டியின் பெயர், சீல் எண்கள், புஷ் உண்டா இல்லையா, எத்தனை மில்லிலீற்றர் எண்ணெய், எந்தப் போல்ற்றுக்கு எந்த அலன் கீ, கழற்றும்போது என்ன வில்லங்கம் வந்தது. உங்கள் முதலாளியின் கை அறிந்ததையும் கேட்டு அதிலே எழுதுங்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ள பல மேசன்மாரும் மெக்கானிக்மாரும் காகிதத்தில் ஒரு வரியும் விடாமல் ஓய்ந்துவிட்டார்கள். அந்தக் கொப்பி நாளைக்கு நீங்கள் என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதும் உதவும். வகுப்புக்குப் போகாமல், செய்த தொழிலைக் காட்டியே மதிப்பீட்டுக்குத் தோற்றும் வழி அதில் உண்டு.

இன்னும் ஒன்று பாக்கி. வடித்த பழைய எண்ணெய்.

அதைக் கராஜின் பின்பக்கம் வாழையடியில் ஊற்றும் வழக்கம் நிற்க வேண்டும். வலிகாமத்துக்கு ஆறு குளத்துக் குடிநீர் கிடையாது. மாரியில் ஓடும் வழுக்கையாறு கோடையில் வெறுந்தரை. நாம் பெரும்பாலும் குடிப்பது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீர். மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே அந்த வெடிப்புகளால் கீழே இறங்கும். சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை உங்களுக்குத் தெரியும். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2019இல் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று தீர்ப்பானது. அந்தப் பணத்தால் கிணறு துப்புரவாகிவிடவில்லை. பவுசரில் வந்த தண்ணீரை வாளியில் பிடித்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. ஒரு ஷொக்கில் இரு காலும் சேர்த்து ஒரு சோடாப் போத்தல் அளவு எண்ணெய்தான் வரும். அதை ஊரின் எல்லாக் கராஜ்களாலும், ஆண்டின் எல்லா மாதங்களாலும் பெருக்குங்கள்.

ஆகவே மூடியுள்ள ஒரு 20 லீற்றர்க் கலன், ஷொக் எண்ணெய்க்கும் இயந்திர எண்ணெய்க்கும் பொதுவாக, கூரைக்குக் கீழே சீமெந்துத் தரையில். கழுவிய மண்ணெண்ணெய்க்கு இன்னொன்று. நிறைந்ததும் பழைய எண்ணெய் சேகரிப்போரிடம் கொடுங்கள். உங்கள் பக்கம் அவர்கள் வருவதில்லை என்றால் மானிப்பாயில் இருக்கும் வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபைக்கு நாலைந்து கராஜ்கள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி, மாதம் ஒருமுறை சேகரிப்புக் கேளுங்கள். கேட்பவர்கள் நாலைந்து பேராக இருந்தால் அதைத் தட்டிக்கழிப்பது சபைக்கும் கடினம்.

அன்புடன்,
மானிப்பாய் வாசகர் ஒருவர்